அறுபத்தேழாம் எண் படுக்கை

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் மூன்று பேரும் யாருடைய துணையும் இல்லாமல் கட்டடங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது. சொத்துச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் அதிலுள்ள அபாயத்தையும் எப்படி எடைபோடுவது என்று புதியவர்களுக்காக நான்கு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடம் பினாங்கில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மதிப்புப் போட்டவளுக்கு இது கைவந்த வேலை என்று நினைத்திருப்பார்கள்.

சந்தை ஏறும், இறங்கும். அதை வரைபடம் போட்டுக் காட்ட ஹோட்டல் மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்கள் நிற்கிறார்கள். என்னிடம் வரைபடம் எதுவும் இல்லை, ஒரே ஒரு கட்டடத்தின் கதைதான் இருக்கிறது. அதில் நான் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் ஏமாந்து போகாதீர்கள்.

அதற்கு முன் ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டைப் பார்க்கப் போனேன். அங்கே குடியிருந்தவர் இரண்டு சகோதரர்களில் மூத்தவர். தேநீர் கொடுத்து, சிரித்துப் பேசி, "எவ்வளவு பெறும் பிள்ளை?" என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். அவருடைய பங்கை எடுத்துக்கொள்ளத் தம்பி போட்டிருந்த விலையைவிட அது மிக அதிகம். மூன்றாம் நாள் இரண்டு பேரும் எங்கள் அலுவலகப் படிக்கட்டில் கட்டிப் புரண்டார்கள். ஒருவர் தலையில் தையல் போட வேண்டியதாயிற்று.

அப்போதிருந்த என் மேலாளர் என்னைத் திட்டவில்லை. துப்புரவுக்காரர் படிக்கட்டைக் கழுவி முடிக்கும் வரை என்னை அங்கேயே நிற்க வைத்தார். பிறகு, "நம்ம கஸ்டமர் பேங்க். வெலையப் பத்தி வீட்டுக்காரங்ககிட்ட வாயத் தொறக்காத" என்றார். அவ்வளவுதான். வேலை தெரிந்த மனிதர், நேர்மையானவர், இன்றைக்கும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. அந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடத்துக்கும் மேலாகத் தாலி மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு இது சுலபமாக வரும். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர், அப்பாவும் குமாஸ்தா. படிவத்தில் கேட்டதை அழகான கையெழுத்தில் நிரப்புவோம், கேட்காததை எழுதமாட்டோம். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் என்னை 'ஃபாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது பாராட்டு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கட்டடம். பெருந்தொற்றுக்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில் ரூபனிடமிருந்து அழைப்பு வந்தது. ரூபன் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருந்த பையன். கெட்டிக்காரன், எப்போதும் அவசரத்தில் இருப்பவன்.

"அக்கா, பாயான் லெப்பாஸ்ல மூணு ஃப்ளாட். ஒரே ஆளு வாங்குறாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில அவரு குடியிருக்குற தரைவீட்ட வச்சு முன்பணம் எடுக்குறாரு. ஒரு வெர்பல் குடுங்கலா, ஃபைல மூவ் பண்ணணும்."

வெர்பல் என்றால் என்னவென்று உங்களுக்கு அடுத்த வாரமே தெரிந்துவிடும். கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொலைபேசியில் வாயால் சொல்லும் விலை. அதற்குக் கட்டணமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வங்கி அதிகாரி இரண்டு மூன்று நிறுவனங்களைக் கேட்பார், யார் அதிகமாகச் சொல்கிறாரோ அவருக்கு வேலை போகும். விளையாட்டாகத் தொடங்கும் இந்த எண்ணுக்குத்தான் பிறகு நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதி முத்திரை குத்துகிறோம்.

"இன்னும் பார்க்கலையே தம்பி" என்றேன்.

"பார்த்துக்கலாம்கா. அதே கட்டடத்துல போன மாசம் வித்த வெல இருக்குல்ல?"

இருந்தது. ஆறு விற்பனைகள், எல்லாம் ஒரே மாதிரி விலையில், அடுத்தடுத்து. அப்படி ஒரு வரிசையைப் பார்த்தால் மதிப்பீட்டாளருக்கு மனம் குளிர்ந்துவிடும். சொன்னேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டான். "வேற கம்பெனியில கொஞ்சம் கூட குடுக்குறாங்கக்கா. நீங்க மேட்ச் பண்ணா உங்ககிட்டயே வச்சுக்குறேன்." அந்தச் சமயம் அலுவலகத்தில் வேலை குறைவு. இரண்டு பேரை நிறுத்தலாமா என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நான் மேட்ச் பண்ணினேன்.

மறுநாள் காலை கட்டடத்துக்குப் போனபோது வாங்குபவரே கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். பெயர் மணியம். தொழிற்சாலையில் பராமரிப்பு டெக்னீஷியன், நாற்பத்தைந்து வயதிருக்கும். அரைநாள் விடுப்பு எடுத்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். மதிப்பீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெண் வந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நம்மாளுங்க வந்தா ஒரு தைரியம்தான்கா" என்றார்.

மின்தூக்கியில் ஏறும்போது தன் திட்டத்தை விளக்கினார். நன்றாக யோசித்த திட்டம் என்று அப்போதே தோன்றியது. "ஃபேமிலிக்கு வாடகைக்கு விட்டா, அவன் காலி பண்ணா மொத்தமும் போச்சு. இது ஹாஸ்டல்கா. ஒரு வீட்டுல பன்னெண்டு பேரு. ஒருத்தன் ஊருக்குப் போனாலும் பதினோரு பேரு இருப்பான். மூணு வீட்டையும் ஒரே மாடியில வாங்கல, வேற வேற மாடி. ஒண்ணுல தண்ணி ஒழுகுனா மத்த ரெண்டும் ஓடும். ஃபேக்டரியில பேக்கப் பம்ப்பு வப்போம்ல, அந்த மாதிரி."

சிரித்தேன். எனக்குக்கூட அது பிடித்திருந்தது.

ஆறாவது மாடியில் ஒரு மலாய்க்காரர் நின்றிருந்தார். கையில் பெரிய கம்பி வளையம், அதில் கொத்தாகச் சாவிகள். எங்கள் வீட்டு எண்ணைக் கேட்டு, வளையத்தைச் சுற்றி ஒரு சாவியைத் தேடி எடுத்துத் திறந்தார். உள்ளே அந்நியத் தொழிலாளர்கள் இரவு ஷிஃப்ட் முடித்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் இரண்டடுக்குக் கட்டில் இரண்டு, இரண்டு பெரிய அறைகளில் இரண்டிரண்டு. ஒவ்வொரு படுக்கைக்கும் நேராகச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் அச்சு வைத்து எண் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அங்கே 61-இல் தொடங்கி 72-இல் முடிந்தது.

அடுத்த ஃப்ளாட் மேல்மாடி ஒன்றில். அதே மனிதர், அதே வளையத்திலிருந்து வேறொரு சாவி. அந்த வீட்டில் எண்கள் 145 முதல் 156 வரை. மூன்றாவது வீட்டில் 217-இல் தொடங்கின.

நான் என்ன பார்க்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு வருட அனுபவத்தில் இதுகூடப் புரியாவிட்டால் வேறு வேலை தேட வேண்டும். வீடுகள் ஆளுக்கொருவருக்குச் சொந்தம், ஆனால் படுக்கைகள் ஒரே வரிசை. தொழிற்சாலைகளுக்காக ஆட்களைத் தங்கவைக்கும் ஒரே ஏஜண்ட் மொத்தக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்து, ஒரே ஹாஸ்டலாக நடத்துகிறான். மணியத்துக்கு முப்பத்தாறு வாடகைக்காரர்கள் இல்லை, ஒரே ஒருவன்தான். என் கணினியில் இருந்த ஆறு விற்பனைகளும் மணியம் மாதிரி ஆட்கள், அதே வாடகையை நம்பி, ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கியவை. அந்த ஏஜண்ட் ஒருநாள் கையை உதறினால் மூன்று வீடும் ஒரே நாளில் காலி, அதே நாளில் அந்த ஆறு விலைகளும் குப்பை.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார் மணியம்.

அவருக்குப் புரிகிற மொழியிலேயே சொல்லியிருக்கலாம். 'தம்பி, உங்க மூணு பம்ப்பும் ஒரே சுவிட்ச்சுல இருக்கு.' டெக்னீஷியனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்த நிமிடமே வளையத்தைப் பார்த்திருப்பார், சுவரைப் பார்த்திருப்பார்.

"ரிப்போர்ட் பேங்க்குக்குப் போயிடும் தம்பி" என்றேன்.

அன்று மதியம் பாலம் கடந்து பிறைக்குப் போனேன், அவருடைய தரைவீட்டைப் பார்க்க. அதுவும் அடகுக்கு வருகிறதே. மணியம் வேலைக்குத் திரும்பிவிட்டார், அவர் மனைவி சரோஜா இருந்தாள். ஒரு மாடி வரிசை வீடு. கடன் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. வாசலில் துளசி, பின்பக்கம் கூரை போட்டு நீட்டிய அடுப்படி. அளந்து, படமெடுத்து முடித்தபோது அடுப்படி மேசையில் ஒரு தட்டில் வடையும் டீயும் இருந்தன. உட்கார்ந்தேன்.

சரோஜா அதிகம் பேசுகிறவள் இல்லை. தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. பைராம் தோட்டத்தில் பிறந்தவளாம். அவள் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே கம்பெனி கொடுத்திருந்த தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனபோது தனக்குப் பதினைந்து வயது என்றாள். அத்தையின் வீட்டில் ஆறு வருடம் இருந்தார்களாம், பாத்திரம் வைக்கக்கூடக் கேட்டுத்தான் வைக்க வேண்டுமாம். இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்கிறாள் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு கேட்டாள்.

"அவரு கணக்கெல்லாம் பாத்துட்டாரு. எனக்கு அது வெளங்காது. நீங்க படிச்சவங்க, அங்கயும் பாத்துட்டு வந்துட்டீங்க. இந்த வீட்டுலேர்ந்து எங்கள யாரும் போகச் சொல்ல மாட்டாங்கல்லக்கா?"

நான் அந்த டீயை ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. "நான் வெலைய மட்டும்தான் பார்க்க வந்தேம்மா. அதெல்லாம் பேங்க்குல கேளுங்க" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆபத்து இருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். என் மௌனத்தை அவள் நல்ல பதிலாக எடுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன், திருத்தவில்லை.

காரில் ஏறி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்தத் தெருவிலேயே உட்கார்ந்திருந்தேன். வெர்பல் சொல்லியாகிவிட்டது. இப்போது இறக்கினால் ரூபன் வேறு நிறுவனத்துக்குப் போவான், நான் வாக்கு மாறுகிறவள் என்று பெயர் வரும், அலுவலகத்தில் அந்த இரண்டு பேரின் வேலை இன்னும் ஆட்டம் காணும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலையைக் குறைக்காமலே ஒரு வழி இருந்தது. அறிக்கையின் கடைசியில் கவனிக்க வேண்டியவை என்று நாலு வரி இடம் இருக்கிறதே, அதில் 'கட்டடம் முழுவதும் ஒரே வாடகைதாரரின் கையில் இருப்பதாகத் தெரிகிறது, அவர் விலகினால் இந்த விலை நிற்காது' என்று எழுதியிருந்தால் போதும். வங்கி ஒருவேளை யோசித்திருக்கும், கடனைக் குறைத்திருக்கும். மணியம் கோபப்பட்டிருப்பார், வீடு பிழைத்திருக்கும்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: வாடகைக்கு விடப்பட்டுள்ளதா? நான் 'ஆம்' என்று நிரப்பினேன். அழகான கையெழுத்து.

ஒரு வருடத்துக்கும் மேலாக எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாடகை முதல் தேதியில் வந்துவிடும். மணியம் இன்னும் நாலு நண்பர்களை அந்தக் கட்டடத்தில் வாங்க வைத்தார். பிறகு நோய் வந்தது, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஒரு ஹாலில் நான்கு பேர் அடுக்கடுக்காகத் தூங்குவதை ஊரே திடீரென்று கவனித்தது. தங்குமிட விதிகளை இறுக்கினார்கள். தொழிற்சாலைகள் ஆட்களைத் தனி ஹாஸ்டல் கட்டடங்களுக்கு மாற்றின. ஏஜண்ட் எல்லா உரிமையாளர்களுக்கும் ஒரே மாதிரி கடிதம் அனுப்பினான், ஒரு மாத அறிவிப்போடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரிகள் வந்து கட்டில்களை ஏற்றிக்கொண்டு போயின.

சந்தை சரியும்போது படிப்படியாகச் சரியும், இறங்கிக்கொள்ள நேரம் கிடைக்கும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தீவில் மற்ற இடங்களில் அப்படித்தான் நடந்தது. கொஞ்சம் இறங்கியது, நின்றது, சில இடங்களில் மறுபடி ஏறியது. அந்தக் கட்டடத்தில் மட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. எல்லாரும் ஒரே சமயத்தில் விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. வேறொருவரின் ஃப்ளாட்டை ஏலத்துக்கு மதிப்பிட நான் அங்கே போனபோது மாடி மாடியாகத் துணிக்கொடிகள் வெறுமனே கிடந்தன. கீழே காவலாளி கூட இல்லை.

மணியம் அப்போது செய்ததை முட்டாள்தனம் என்று சொல்லாதீர்கள். நம்பிக்கையுள்ள மனிதன் செய்வது அதுதான். வீட்டுத் தவணையை நிறுத்திவிட்டு, ஃப்ளாட் தவணைகளை விடாமல் கட்டினார். வேலை முடிந்தால் வாடகைக் கார் ஓட்டினார். ஹாஸ்டல் திரும்பி வரும், வரும்போது தன் மூன்று வீடும் தயாராக இருக்க வேண்டும் என்று கட்டினார். அப்படியும் தவணைக்குப் பணம் எட்டாமல் இரண்டு ஃப்ளாட்டுகள் ஏலத்தில் போயின, ஆறாவது மாடியில் இருந்ததைக் கேட்பாரே இல்லை. அதற்குள் பிறை வீட்டின் கடன் பல மாதம் தவறிப்போய்விட்டது.

ஒருநாள் காலையில் என் மேசையில் ஒரு கோப்பு இருந்தது. பிறை, ஒரு மாடி வரிசை வீடு, ஏலத்துக்கான மதிப்பீடு. மணியத்தின் முகவரி. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். நானே போனேன்.

சரோஜா கேட்டைத் திறந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததும், "உள்ள வாங்க. எல்லா ரூமும் போன தடவையே பாத்துட்டீங்கதானே" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். மணியம் கார் ஓட்டப் போயிருந்தார். அதே அடுப்படி, அதே மேசை. இந்த முறை டீ வைக்கவில்லை.

"லேலோங்ல எவ்ளோக்குக்கா போகும்?" என்று ஏலத்தைப் பற்றிக் கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், காரில் வரும்போதே ஒரு முடிவோடுதான் வந்தேன். விலையை உயர்த்திப் போடப்போகிறேன். செய்த பாவத்துக்குக் கொஞ்சம் பரிகாரம். அதிக விலைக்குப் போனால் அவர்கள் கையில் ஏதாவது மிஞ்சும் என்று கணக்கு. அந்த மேசையில் உட்கார்ந்ததும்தான் புத்தி வந்தது. ஏலத்தில் விலையை உயர்த்திப் போட்டால் முதல் சுற்றில் கேட்க ஆள் வராது. தள்ளிப்போடுவார்கள், குறைப்பார்கள், மறுபடி தள்ளிப்போடுவார்கள். அத்தனை மாதமும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். கடைசியில் அடிமாட்டு விலைக்குப் போகும். என் மனச்சாட்சிக்கு ஆறுதல், அவர்களுக்கு இன்னொரு குழி. முதல் தடவை என் பெயருக்குப் பயந்து பொய்யான எண்ணைப் போட்டேன், இரண்டாம் தடவை என் குற்ற உணர்ச்சிக்காகப் போடப் பார்த்தேன். இரண்டு தடவையும் நான் நினைத்தது என்னைத்தான்.

"சரோஜா, ஏலத்துக்கு விடாதீங்க" என்றேன். "தேதி போடுறதுக்குள்ள நீங்களே வித்துடுங்க. இந்த மாசமே. பேங்க்குல கேட்டா டைம் குடுப்பாங்க." எவ்வளவுக்குக் கேட்க வேண்டும், எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடக் கட்டுப்பாடு ஒரு நிமிடத்தில் போனது.

"அவரு விக்க விடமாட்டாரு. ஹாஸ்டல் திரும்பி வருது, வருதுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு."

"வராது. அந்தக் கட்டடம் பூரா ஒரே ஆளு எடுத்திருந்தான். செவுத்துல நம்பர் போட்டிருந்தான், அம்பது அறுபதுன்னு வரிசையா, வீடு வீடா. அவன் போயிட்டான். இனிமே அங்க யாரும் வரமாட்டாங்க."

அவள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

பொய் சொல்ல வழி இருந்தது. நான் சொல்லவில்லை என்பது மட்டும்தான் இந்தக் கதையில் என் பக்கம் இருக்கும் ஒரே நல்ல விஷயம். "அன்னிக்கே தெரியும். இங்க வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்" என்றேன்.

"இங்கதானே ஒக்காந்து டீ குடிச்சீங்க" என்றாள்.

எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு பாத்திரத்தை மறுபடி கழுவினாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"அவர்கிட்ட இத சொல்லாதீங்க. கம்பெனிய நம்புனாரு, ஏஜண்ட்ட நம்புனாரு, எல்லாம் போச்சு. உங்கள இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு. அந்த அக்கா பாத்துச் சொன்ன வெலதான், அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்னு போன வாரம்கூட சொன்னாரு. அதாவது இருந்துட்டுப் போகட்டும்."

அலுவலகம் திரும்பி, கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் விலை சொல்லிவிட்டேன், இதில் நான் கையெழுத்துப் போட முடியாது என்றேன். முதலாளி கத்தினார், அவர் கத்தியது நியாயம்தான். அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றேன். பிரிவு விருந்தில் என் நேர்மையைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சரோஜா எப்படியோ மணியத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். அதே தெருவில் ஒருவர் வாங்கிக்கொண்டார். வீட்டுக் கடனும், ஏலத்தில் போன ஃப்ளாட்டுகளின் பாக்கியும், மிஞ்சிய ஃப்ளாட்டின் தவறிய தவணைகளும் தீர்ந்தன. கையில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் திவால் என்ற பட்டம் வரவில்லை. கேட்பாரில்லாமல் கிடந்த அந்த ஆறாவது மாடி ஃப்ளாட்டுக்கே குடிபோனார்கள்.

பழைய மேலாளர் சொன்ன விதி தவறில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் போகிற வீட்டிலெல்லாம் விலையை உளறிவிட்டு வருவீர்கள். விலையைச் சொல்லாதே என்றுதான் அவர் சொன்னார். ஆபத்தைச் சொல்லாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் உங்களுக்கும் அழைப்பு வரும். உங்களுடைய ரூபன்களும் அவசரத்தில்தான் இருப்பார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நாக்கு எழாது, எழுப்புங்கள். ஆறு விற்பனை ஒரே விலையில் இருந்தால் மனம் குளிரவேண்டாம், அந்த ஆறு பேரும் எதை நம்பி வாங்கினார்கள் என்று கேளுங்கள். கதவைத் திறப்பவர் கையில் எத்தனை சாவி இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது, ஓரத்தில் எழுதுங்கள்.

மணியம் ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். 'நீங்க அன்னிக்கு வந்து வீட்ட விக்கச் சொல்லலைன்னா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம் அக்கா' என்று ஒரு தடவை எழுதியிருந்தார். சரோஜா கேட்டுக்கொண்டபடி நான் வாயைத் திறக்கவில்லை, நன்றி என்று பதில் அனுப்புகிறேன். அவளிடமிருந்து இதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை.

போன தீபாவளிக்கு ஒரு படம் அனுப்பினார். ஃப்ளாட்டின் ஹாலில் குடும்பமாக நிற்கிறார்கள், புதுத் துணி, மேசையில் முறுக்கும் பலகாரமும். சுவருக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், இரண்டு கோட் அடித்திருப்பார்கள். பழைய சிவப்பு அப்படியும் அடங்கவில்லை. சரோஜாவின் தலைக்கு மேலே, சுவரில், 67 என்று தெரிகிறது.